நாஷ்வில்லில் பேச்சலரெட் வார இறுதி: முதல்முறை பொறுப்பேற்கும் தோழிக்கு

அமெரிக்காவில் இருக்கும் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் உங்களை மெய்ட் ஆஃப் ஹானராக, அதாவது மணப்பெண்ணின் முதன்மைத் தோழியாக, இருக்கச் சொல்லிவிட்டால், கூடவே ஒரு பெரிய வேலையும் வந்து சேரும். அதுதான் பேச்சலரெட் பயணம். கல்யாணத்துக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பு, மணப்பெண்ணும் நெருங்கிய தோழிகளும் வெள்ளி முதல் ஞாயிறு வரை எங்காவது போய்க் கொண்டாடிவிட்டு வருவார்கள். எங்கே போகலாம் என்று பேச்சு எடுத்தால் யாராவது ஒருத்தி நாஷ்வில் என்று சொல்லாமல் இருக்கமாட்டாள். டென்னஸி மாநிலத்தின் தலைநகரம், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமிய இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் வீடு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே பிராட்வே தெருவில் நின்றால், வெள்ளைத் தொப்பியில் மணப்பெண்ணும் ரோஸ் தொப்பியில் தோழிகளுமாகக் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம்.

நானும் நாஷ்வில்லைத்தான் சொல்வேன். காரணம் தொப்பியோ பார்களோ இல்லை. பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒருத்தி நல்ல சம்பளத்தில் இருப்பாள், ஒருத்தி இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி குடிப்பாள், ஒருத்தி தொடக்கூட மாட்டாள். ஒருத்தி சுத்த சைவம், ஒருத்தி கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பாள். எல்லோரும் ஒரே அளவு செலவழிப்பார்கள், ஒரே மாதிரி குடிப்பார்கள் என்று வைத்துப் போடும் திட்டத்தில் யாராவது ஒருத்தி ஓரமாகப் போய்விடுவாள். நாஷ்வில்லில் கிடைப்பதில் மிகச் சிறந்தது நேரடி இசை. பெரும்பாலான இடங்களில் அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளுக்கும் அதே பாட்டு, அதே மேடை. திட்டத்தை இதைச் சுற்றிப் போட்டால் யாரும் விடுபடமாட்டார்கள்.

மணப்பெண்ணிடம் மூன்று கேள்விகள்

நான்கைந்து மாதம் முன்பே அவளோடு தனியாகப் பேசுங்கள். யார் யார் வரவேண்டும்? எது கட்டாயம் வேண்டும்? எது கட்டாயம் வேண்டாம்? மூன்றாவது கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. ஆண் நடனக்காரர் வேண்டாம், சங்கடமான விளையாட்டுகள் வேண்டாம், இன்ஸ்டாகிராமில் படம் வேண்டாம் என்று அவள் மனத்தில் இருக்கலாம். நம் வீடுகளில் ஊரில் இருக்கும் சித்தியும் அத்தையும் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தங்கையை அழைப்பதா, கூடாதா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். நாத்தனார் முன்னால் எவ்வளவு கொண்டாடலாம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பணப் பேச்சு

இந்தப் பேச்சை வாட்ஸ்அப் குழுவில் தொடங்காதீர்கள். எல்லோர் முன்னாலும் "எனக்குக் கட்டுப்படியாகாது" என்று எழுத யாருக்கும் மனம் வராது. சரி சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் காரணம் சொல்லி விலகுவார்கள், அவர்கள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "விமான டிக்கெட் தவிர, மூன்று நாளுக்கு உன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்? நான் யாரிடமும் சொல்லமாட்டேன்." வரும் பதில்களில் மிகக் குறைந்த தொகைதான் உங்கள் பட்ஜெட். அதற்கு மேல் செலவாகும் எதையும் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்துகொள்வதாக வைத்துவிடுங்கள்.

வழக்கம் என்னவென்றால், மணப்பெண்ணின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அவள் விமான டிக்கெட்டை அவளே எடுப்பதும் உண்டு, தோழிகள் சேர்ந்து எடுத்துக் கொடுப்பதும் உண்டு. எப்படியானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கணக்கைச் செலவு பிரிக்கும் ஆப்பான ஸ்பிளிட்வைஸில் போட்டு வையுங்கள். வீட்டு வாடகையின் பங்கை மட்டும் முன்பதிவுக்கு முன்பே போனில் பணம் அனுப்பும் வென்மோவிலோ ஸெல்லிலோ வாங்கிவிடுங்கள். உங்கள் கிரெடிட் கார்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நட்புக்கு நல்லதில்லை.

கணக்குப் போடும்போது மறந்துபோகும் ஒன்று: விலைப்பட்டியலில் இருப்பது கடைசி விலை கிடையாது. 2025 பிப்ரவரியிலிருந்து நாஷ்வில்லில் விற்பனை வரி 9.75 சதவீதம். அதன்மேல் 20 சதவீதம் டிப்ஸ், பெரிய குழு என்றால் அதை உணவகமே பில்லில் சேர்த்துவிடுவதும் உண்டு. ஆக 30 டாலர் சாப்பாடு கைக்கு வரும்போது கிட்டத்தட்ட 39 டாலர். பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுத்துவிடுவீர்கள்.

தேதி

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெயில் அடக்கமாக இருக்கும், கூட்டமும் வாடகையும் அதே அளவுக்கு ஏறியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும், கூடவே புழுக்கம். சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை, ஆனால் தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும்போது தெரியும். கை இறுக்கமான குழுவுக்கு நான் ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். குளிர் உண்டு, ஆனால் அறை விலை இறங்கும், இசை நடப்பதெல்லாம் உள்ளேதான்.

தேதியை உறுதி செய்வதற்கு முன் நகரத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். ஜூன் மாதம் சிஎம்ஏ ஃபெஸ்ட் என்ற கன்ட்ரி இசை விழா நான்கு நாள் நடக்கும். அப்போது நகரமே கன்ட்ரி இசை ரசிகர்களால் நிரம்பிவிடும். ஜூலை 4 வாணவேடிக்கை, புத்தாண்டு இரவு, டைட்டன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளூரில் ஆடும் ஞாயிறுகள், இவையும் அப்படித்தான்.

தங்குமிடம்

ஆறு பேர் வரை என்றால் நகர மையத்தில் ஹோட்டலில் இரண்டு அறை எடுத்துவிடுங்கள். இரவில் நடந்தே திரும்பலாம், வண்டிச் செலவு மிச்சம். எட்டுப் பேருக்கு மேல் போனால் வீடு எடுப்பது லாபம். ஜெர்மன்டவுன் மையத்துக்குப் பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈஸ்ட் நாஷ்வில்லில் நல்ல சிறு உணவகங்கள் நிறைய. 12 சவுத் கடைத்தெருப் பகுதி, கொஞ்சம் அமைதி.

வீடு பார்க்கும்போது கட்டில் எண்ணிக்கையைவிடக் குளியலறை எண்ணிக்கையைப் பாருங்கள். பத்துப் பேர் சனிக்கிழமை மாலை ஒரே நேரத்தில் குளித்து, தலை உலர்த்தி, மேக்கப் போட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு குளியலறை மட்டும் இருந்தால் எட்டு மணி முன்பதிவுக்கு ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். வாடகையைப் பிரிக்கும்போது தனி அறை எடுப்பவளுக்கும் சோபாவில் படுப்பவளுக்கும் ஒரே பங்கு போடாதீர்கள்.

குறுகிய கால வாடகை வீடுகளுக்கு நாஷ்வில்லில் நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதி எண் விளம்பரத்தில் இருக்கிறதா, எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எட்டுப் பேர் என்று பதிந்துவிட்டுப் பன்னிரண்டு பேர் போய் நிற்க வேண்டாம். பக்கத்து வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு குடும்பம் இருக்கும். இரவு பத்துக்கு மேல் மொட்டைமாடிப் பாட்டை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் புதுக் கூட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போன உள்ளூர்க்காரர்கள் அவர்கள்.

வந்து சேர்வதும் அடையாள அட்டையும்

விமான நிலையத்தின் குறியீடு பிஎன்ஏ. நகர மையத்திலிருந்து சுமார் 8 மைல், நெரிசல் இல்லையென்றால் 20 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். அட்லாண்டாவிலிருந்து காரில் நான்கு மணி நேரம் போலாகும். நாஷ்வில் மத்திய நேர மண்டலத்தில் இருப்பதால் அங்கிருந்து வருபவர்களுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும், திரும்பும்போது போய்விடும். ஞாயிறு மாலை வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தை இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தோழிகள் குழுவில் இருந்தால் இதைப் பெரிய எழுத்தில் அனுப்புங்கள்: அசல் அடையாள அட்டை இல்லாமல் கிளம்பக் கூடாது. மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும், இரவானதும் பல இடங்களில் உள்ளே போகவே 21 வேண்டும். நாற்பது வயதுக்காரரிடமும் வாசலில் கேட்பார்கள். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டையே எடுத்து வரவேண்டும். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படத்தை நம்பி வரவேண்டாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஏற்காமல் போகலாம். பாஸ்போர்ட்டைத் தோளில் குறுக்காக மாட்டும் ஜிப் வைத்த சிறிய பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிராட்வேயைப் பகலில் பாருங்கள்

எல்லோரும் இரவில் போகும் இடத்துக்கு நான் பகலில் போகச் சொல்வேன். லோயர் பிராட்வேயில் வரிசையாக இருக்கும் ஹாங்கி டாங்க் எனப்படும் நேரடி கன்ட்ரி இசை பார்களில் காலை பத்து, பதினொன்று மணிக்கே பாட்டு தொடங்கிவிடும், பின்னிரவு வரை ஓயாது. மதியம் இரண்டு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும், பாடுபவரின் முகம் தெரியும், பக்கத்தில் இருப்பவளோடு பேசவும் முடியும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அதே வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், உள்ளே போனால் கையைத் தூக்கக்கூட இடம் இருக்காது. கூட்டம் ஒத்துக்கொள்ளாத தோழி யாராவது இருந்தால் பகல்தான் அவளுக்கும் பிராட்வே.

எங்கே நுழைவது? பிரபலங்களின் பெயர் தாங்கிய நாலு மாடி பார்கள் நிறைய இருக்கின்றன. மொட்டைமாடி, வெளிச்சம், படம் எடுக்க எல்லாம் நன்றாக இருக்கும். கன்ட்ரிப் பாடகி மிரண்டா லாம்பெர்ட்டின் காஸா ரோஸாவில் ரோஸ் நிறத்துக்குப் பஞ்சமில்லை, குழுப் படத்துக்கு அங்கே ஒரு சுற்று போய் வரலாம். பாட்டுக்கென்று போனால் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட். பழைய பாணி கன்ட்ரி, சிறிய மேடை, பொலோனா என்ற இறைச்சித் துண்டை வறுத்து வைத்த சாண்ட்விச். அப்புறம் ஊதா நிறத்தில் நிற்கும் டூட்ஸீஸ் ஆர்க்கிட் லௌஞ்ச். 1960இல் டூட்ஸி பெஸ் என்ற பெண் நடத்தத் தொடங்கியது. அதன் பின்வாசல் ரைமன் இசை அரங்கத்தின் சந்தில் திறக்கும். அரங்கத்தில் பாடிவிட்டு வியர்க்க வியர்க்க வந்த கலைஞர்களும், கையில் காசில்லாத இளம் பாடலாசிரியர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். கன்ட்ரிப் பாடகர் வில்லி நெல்சன் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

கட்டணம் இல்லை என்றேன், அதற்காகச் சும்மா கேட்டுவிட்டு வரக்கூடாது. மேடையில் இருப்பவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். ஒரு குழு பொதுவாக நான்கு மணி நேரம் தொடர்ந்து வாசிக்கும். நடுவில் ஒரு வாளியோ ஜாடியோ சுற்றி வரும், வென்மோ கியூஆர் குறியும் மேடையில் ஒட்டியிருக்கும். கிளம்பும் முன்பே எல்லோரையும் 5, 10 டாலர் தாள்கள் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மணப்பெண்ணுக்காக ஒரு பாட்டுக் கேட்கப் போகிறீர்கள் என்றால் 20 டாலர் தாளோடு சேர்த்துச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பாட்டும் வரும், மேடையிலிருந்து அவள் பெயரும் வரும். பொதுச் செலவில் இதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் கை இறுக்கமானவளுக்கும் தயக்கம் இருக்காது.

இன்னொன்று: நியூ ஆர்லியன்ஸிலும் சவானாவின் பழைய நகரப் பகுதியிலும் பிளாஸ்டிக் கோப்பையோடு தெருவில் நடக்கலாம். நாஷ்வில்லில் கூடாது. கோப்பையைக் காலி செய்துவிட்டு அல்லது வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

சைக்கிள் போல எல்லோரும் சேர்ந்து மிதிக்கும் பெடல் டேவர்ன் வண்டியில் ஏற வேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று போகலாம், சிரித்து மாளாது. அது ஏறக்குறைய முழுக்கக் குடியைச் சுற்றிய சமாச்சாரம் என்பதால் குடிக்காதவர்கள் குழுவில் அதிகம் என்றால் நான் விட்டுவிடுவேன். ஏறுவதாக இருந்தால் உரிமம் உள்ள நிறுவனமா என்று பாருங்கள். பார்ட்டி வண்டிகள் மீது நகராட்சி 2021இலிருந்து விதிகளை இறுக்கியிருக்கிறது.

இரவில் உட்கார்ந்து கேளுங்கள்

பகலில் ஆடி முடித்த குழுவுக்கு இரவில் ஒரு நாற்காலி வேண்டும். இரண்டு இரவில் ஒன்றையாவது இதற்கு வைத்துவிடுங்கள். முன்பதிவு என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டிய ஒரே விஷயமும் இதுதான்.

புளூபேர்ட் கஃபே 1982இல் கிரீன் ஹில்ஸ் பகுதியில் ஒரு சாதாரணக் கடை வரிசையில் தொடங்கியது. சுமார் 90 இருக்கை. பாடலாசிரியர்கள் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, வேறு யாரோ பாடிப் புகழ்பெற்ற தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக் காட்டுவார்கள், அது பிறந்த கதையையும் சொல்வார்கள். பாடும்போது யாரும் பேசக்கூடாது. டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும் என்பதால் நாலைந்து பேருக்கு மேல் உள்ள குழுவுக்கு இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்துப் பேருக்கு லிஸனிங் ரூம் கஃபே தோதானது. அதே மாதிரி பாடலாசிரியர் நிகழ்ச்சி, மேசை முன்பதிவு உண்டு, சாப்பாடும் அங்கேயே.

கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு வாய்ப்புக் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். 1925இல் டபிள்யூஎஸ்எம் வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சி, இன்றும் நேரடியாக ஒலிபரப்பாகிறது. ஒரே மாலையில் பல கலைஞர்கள் வந்து இரண்டு மூன்று பாட்டு பாடிவிட்டுப் போவார்கள். கன்ட்ரி இசை பழக்கமே இல்லாத நம்மவர்களுக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை, ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது பிடிக்கும். 1943 முதல் 1974 வரை இது ரைமன் அரங்கத்தில் நடந்தது. புது அரங்குக்கு மாறியபோது ரைமன் மேடையிலிருந்து ஒரு வட்டப் பலகையை வெட்டி எடுத்துப் புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். பாட வருபவர்கள் அந்த வட்டத்துக்குள் நிற்பதைப் பெரிய பேறாக நினைக்கிறார்கள். புது அரங்கு மையத்திலிருந்து 20 நிமிடக் கார்ப் பயணம், போக வர வண்டிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1892இல் கட்டிய ரைமன் பிராட்வேக்கு இரண்டு எட்டில் இருக்கிறது. முதலில் அது ஒரு பிரார்த்தனைக் கூடம், இன்றும் மர பெஞ்சுகள்தான்.

சாப்பாடு

நாஷ்வில் என்றால் ஹாட் சிக்கன். பொரித்த கோழியின் மேல் மிளகாய்ப் பொடியைச் சூடான எண்ணெயிலோ கொழுப்பிலோ குழைத்துத் தடவி, வெள்ளை ரொட்டியின் மேல் ஊறுகாய்த் துண்டுகளோடு கொடுப்பார்கள். இதைத் தொடங்கியது பிரின்ஸ் குடும்பம். ராத்திரி வெகுநேரம் கழித்து வீடு திரும்பிய தார்ன்டன் பிரின்ஸுக்குப் பாடம் புகட்ட அவர் காதலி கோழியில் மிளகாயைக் கொட்டினாளாம், அவருக்கோ அது பிடித்துப்போனதாம். 1930களில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. பிரின்ஸஸ் ஹாட் சிக்கன் இன்றும் அந்தக் குடும்பத்தின் கடைதான். ஹாட்டி பீஸ் என்ற இன்னொரு ஹாட் சிக்கன் கடை பிராட்வே பக்கம் இருக்கிறது, வரிசை நீளம்.

நமக்கில்லாத காரமா என்று நேராக உச்ச அளவைக் கேட்காதீர்கள். நம் குழம்பில் புளியும் தேங்காயும் எண்ணெயும் காரத்தைத் தாங்கிக்கொள்ளும். இங்கே மிளகாய் நேராக நாக்கில் இறங்கும். முதல்முறைக்கு மீடியம் போதும், அதையும் இரவு நிகழ்ச்சிக்கு முன் வேண்டாம், மதியமே முடித்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கை கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது.

சைவத் தோழியை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். தென்மாநிலச் சமையலில் காய்கறி என்று எழுதியிருப்பது சைவமாக இருக்க வேண்டியதில்லை. கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது இங்கே பழைய வழக்கம். சில இடங்களில் பிஸ்கட்டில் (நம்மூர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற சிறு ரொட்டி) பன்றிக் கொழுப்பு, கிரேவியில் சாஸேஜ். மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்களும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவளையே ஒவ்வொரு முறையும் கேட்க வைக்காதீர்கள். முன்பதிவு செய்யும்போது போனில் நீங்கள் கேட்டுவிடுங்கள், வீட்டுக் குளிர்பெட்டியில் தயிரும் பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள்.

சனிக்கிழமை காலை

கல்ச் பகுதியில் பெரிய இறக்கைச் சுவரோவியம் இருக்கிறது, நடுவில் நின்று படம் எடுப்பார்கள். ஒன்பது மணிக்கு முன் போனால் வரிசை குறைவு. பூட்ஸ் வாங்க பிராட்வேயில் ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று பலகை தொங்கும் கடை இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அன்றே போட்டு நாள் முழுக்க நடந்தால் குதிகால் கொப்பளித்துவிடும், ஆகவே கையில் ஒரு தட்டைச் செருப்பும் பையில் பிளாஸ்திரியும்.

கடைகளைவிட என் மனம் போவது இரண்டு இடங்களுக்கு. ஒன்று கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம், அங்கிருந்தே எல்விஸ் 200க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவுசெய்த ஆர்சிஏ ஸ்டுடியோ பி-க்குச் சுற்றுலா போகலாம். மற்றது 2021இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய அருங்காட்சியகம், பிராட்வேயிலேயே இருக்கிறது. பாட்டில் நாட்டமில்லாதவர்கள் சென்டெனியல் பூங்காவில் ஏதென்ஸில் இருக்கும் பழங்கிரேக்கக் கோயிலான பார்த்தினனின் முழு அளவு நகலைப் பார்த்துவிட்டு வரட்டும். உள்ளே 42 அடி உயர ஏத்தீனா சிலை நிற்கிறது. எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சனிக்கிழமை காலையிலாவது தளர்த்துங்கள், தூங்க விரும்புபவள் தூங்கட்டும்.

இரவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள், இரவு முழுவதும் அந்த இருவர் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது. எல்லோர் போனிலும் இருப்பிடப் பகிர்வு, ஒரு பவர் பேங்க், தங்கும் வீட்டின் முகவரி. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்காதவளை வண்டி ஓட்டவும் பைகளைக் காக்கவும் ஆளாக ஆக்கிவிடாதீர்கள், அவளும் கொண்டாட வந்தவள்தான். ஊபர், லிஃப்ட் விலை பார் மூடும் நேரத்தில் பல மடங்கு ஏறும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், பிராட்வேயிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளிச் சேர்ந்து நடந்து போய் அழையுங்கள். பெரிய குழுவுக்கு எக்ஸ்எல் வண்டி ஒன்று, இரண்டு சிறிய வண்டியைவிட மலிவாக வரும்.

ஞாயிறு

ஞாயிறன்று ஒன்றும் வைக்காதீர்கள், தாமதமான காலைச் சாப்பாடு ஒன்றைத் தவிர. கார் இருந்தால், நெடுஞ்சாலை 100இல் 1951இலிருந்து நடக்கும் லவ்லெஸ் கஃபேயில் பிஸ்கட்டும் ஜாமும் சாப்பிடலாம், காத்திருக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மணப்பெண் நினைத்தால் நகரின் மேற்கே பெல்வியூ பகுதியில் ஸ்ரீ கணேசர் கோயில் இருக்கிறது. அதற்கென்று ஒரு சல்வாரை எல்லோரும் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும்.

பூட்ஸைப் பெட்டியில் அடைக்காமல் காலில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள், பாதுகாப்புச் சோதனையில் கழற்ற நேர்ந்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். விமான நிலையத்தில் காத்திருக்கும்போதே ஸ்பிளிட்வைஸ் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள். படங்களை ஒரே ஆல்பத்தில் போட்டு முதலில் மணப்பெண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். எது ஊர் பார்க்கலாம், எது வேண்டாம் என்று அவள் பிரித்துக் கொடுத்த பிறகு குழுவில் போடலாம்.